மிளகாய் கிண்டிய மூன்று மணி நேரம்

என் கணவர் ஒப்ராட்டிடம் போன மே மாதம் வரை மூன்று வார்த்தைகள்தான் இருந்தன. ‘தண்ணி’, ‘இல்ல’, ‘எழவு’. முதல் இரண்டும் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் சொல்லிக் கொடுத்தவை. மூன்றாவது அவருடைய சொந்தச் சரக்கு. காபி சூடாக இருந்தால் எழவு, ஆறிப் போனாலும் எழவு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டை ஆசீர்வதிக்க வந்த பாதிரியார், “எப்படி இருக்கீங்க ஒப்ராட்?” என்று கையைப் பிடித்தபோதும் அதையேதான் சொன்னார். பாதிரியார் நல்ல மனிதர். “கெட்ட வார்த்தை மட்டும் மூளையில வேற பக்கம் குடியிருக்காம். அதான் தப்பிச்சுக்குது” என்று அவரே எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் நான்காவது வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். நான் காத்திருக்கவில்லை, பயந்துகொண்டிருந்தேன். செவ்வாயும் வெள்ளியும் அந்தப் பெண் வந்து, அவர் எதிரே உட்கார்ந்து உதட்டைக் குவித்துக் காட்டும்போது, நான் சமையலறையில் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருப்பேன். புதிதாக ஒன்றும் வராமல் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால், வருத்தத்தோடு வருத்தமாக ஒரு நிம்மதியும் வரும். கட்டின பெண்டாட்டிக்கு வரக்கூடாத நிம்மதி. ஏனென்றால் அதற்கு முந்தைய செப்டம்பரில் எங்கள் சமையலறையில் நடந்ததற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அது அவர்.

எங்கள் ஊரில் யாரும் வயதாகிச் சாவதில்லை. காற்று அடித்துத்தான் சாகிறார்கள். எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டும் திறந்திருந்தால் நடுவில் ஓடுமே, அந்தக் காற்று. பஸ்ஸுக்குள் ஆகஸ்டு வெயிலில் வெந்து செத்தாலும் சாவார்களே தவிர, இரண்டாவது ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். பல்வலியா, காற்று. இடுப்புப் பிடிப்பா, காற்று. ஒப்ராட்டுக்கு சர்ச் மேல் உள்ளதைவிட இதன் மேல் நம்பிக்கை அதிகம். எனக்குத் துளியும் கிடையாது. இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் நாங்கள் போட்ட சண்டையில் பாதி ஜன்னல் சண்டை. நான் திறப்பேன், அவர் மூடுவார்.

நாற்பத்தாறு வயதில் எனக்குக் காரோட்டும் ஆசை வந்தது. லைசென்ஸ் வாங்க முதலுதவிப் பரீட்சையில் தேறியாக வேண்டும். தீயணைப்பு நிலைய மாடியில் நான்கு மாலை வகுப்பு. ஆம்புலன்ஸில் முப்பது வருடம் ஓடி ஓய்வு பெற்ற நெவென்கா நடத்தினாள். ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தினோம், ஒருவருக்கொருவர் மண்டையில் கட்டுப் போட்டுச் சிரித்தோம், மயங்கினவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கப் பழகினோம். கடைசி நாள் அவள் பக்கவாதத்துக்கு வந்தாள்.

“வாய் கோணுதா, கை தொங்குதா, பேச்சு குழறுதா. மூணுல ஒண்ணு இருந்தாலும் போதும். மணியப் பாரு, ஃபோனை எடு. வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாதே” என்றாள் நெவென்கா. “உங்களப் பத்தி எனக்குத் தெரியும். வாய் கோணுனா இந்த ஊர்ல எல்லாரும் ஓடிப்போய் ஜன்னலத்தான் மூடுவீங்க. காத்தாவே இருந்துட்டுப் போகட்டும், அத டாக்டர் சொல்லட்டும். நீங்க தொட வேண்டியது ஃபோன்.”

“எங்க வீட்டுல ஜன்னலத் தொட்டாலே ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியிருக்கும் நெவென்கா” என்றேன் நான். வகுப்பே சிரித்தது. நெவென்காவும் சிரித்தாள். மறுநாள் பரீட்சையில் பதினாலாவது கேள்வி அதுதான். பக்கத்தில் கோணல் வாயோடு ஒரு முகம் வரைந்திருந்தது. சரியான கட்டத்தில் டிக் போட்டேன். எனக்கு முழு மதிப்பெண்.

இரண்டு வருடம் கழித்து வந்த செப்டம்பர். ஐம்பது கிலோ சிவப்புக் குடமிளகாய் வாங்கியிருந்தோம். முதல் நாள் முற்றத்தில் நானும் ஒப்ராட்டும் விரல் நுனி கருக, அத்தனையையும் சுட்டுத் தோலுரித்து வைத்தோம். மறுநாள் என் வேலை. அரைத்த மிளகாயை அண்டாவில் போட்டு, விறகடுப்பில் எண்ணெய் விட்டு விட்டுக் கிண்ட வேண்டும். அய்வார் என்கிற இந்த மிளகாய்த் தொக்கைக் கிண்டுகிறவள் அண்டாவை விட்டு நகரக் கூடாது. துடுப்பு நின்றால் அடி பிடித்துவிடும். அடி பிடித்தால் அந்த வாடை மேலே வரைக்கும் ஏறி, ஐம்பது கிலோவும் பன்றிக்குத்தான். நாற்பது பாட்டில் வரும் என்று கணக்கு. அதில் பாதி என் நாத்தனார் யாகொடாவுக்கு. நாலு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

சமையலறை சூளையாகக் கொதித்தது. முற்றத்து ஜன்னல், தெரு ஜன்னல் இரண்டையும் திறந்து போட்டேன். வேலியைச் சரிசெய்துவிட்டு வந்த ஒப்ராட் இரண்டுக்கும் நடுவில் கிடந்த சோபாவில் சாய்ந்தார்.

“மூடு ரட்மிலா. காத்து அடிக்குது.”

“அடிச்சா அடிக்கட்டும். நான் இங்க வெந்துட்டிருக்கேன்.”

“கழுத்து பிடிச்சுக்கும்டி.”

“அந்த ரூம்ல போய்ப் படுய்யா. எவன் உன்ன இங்க படுக்கச் சொன்னது?”

போகவில்லை. பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு முனகினார். சர்ச் மணி பன்னிரண்டு அடித்தது. உள்ளூர் ரேடியோவில் பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டுகள் பன்னிரண்டேகாலுக்குத் தொடங்கும். முதல் பாட்டு தொடங்கியபோது அவர் ஏதோ சொன்னார். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறவர்போல இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். வாயின் வலப்பக்கம் கீழே இறங்கியிருந்தது. எழுந்து உட்கார்ந்தவரின் வலக்கை, யாருடையதோ போலச் சோபாவிலிருந்து வழுக்கித் தொங்கியது.

கடைசியில் காற்று அடித்தேவிட்டது, அதுவும் நான் திறந்த ஜன்னலால். இதுதான் என் முதல் நினைப்பு. துளியும் நம்பாத நான்தான் அப்படி நினைத்தேன். ஊர் முழுக்க ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தால், நம்பாதவள் ரத்தத்திலும் அது ஊறிப்போகும் போலிருக்கிறது. ஓடிப்போய் இரண்டு ஜன்னலையும் மூடினேன். வலக்கையால் அண்டாவைக் கிண்டிக்கொண்டே, இடக்கையால் வாணலியில் உப்பை வறுத்து, கம்பளிக் காலுறையில் கொட்டி, ஒரு நொடி துடுப்பை விட்டு அவர் கன்னத்தோடு சேர்த்து ஒரு துண்டால் கட்டினேன். சர்க்கரைத் தண்ணீர் கலக்கி வாயில் வைத்தேன். பாதி மூக்கு வழியாக வந்தது. இருமி இருமி முகம் நீலமாகப் போனது.

அந்த இருமலில்தான் எனக்கு நெவென்காவின் குரல் கேட்டது. பதினாலாவது கேள்வி, அதன் பக்கத்தில் இருந்த முகம், நான் டிக் போட்ட கட்டம், எல்லாம் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிந்தன. ஃபோன் ஜன்னல் திண்டில் இருந்தது. நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம்.

“இது அது இல்ல” என்று வாய்விட்டே சொன்னேன்.

ஏன் சொன்னேன்? எட்டு மாதம் இதையே போட்டு உருட்டியிருக்கிறேன். அதுதான் என்று ஒப்புக்கொண்டால் ஃபோன் பண்ண வேண்டும். ஆம்புலன்ஸ் வரும், நானும் கூடப் போக வேண்டும். அண்டா பாதி வேக்காட்டில் நிற்கிறது. ஐம்பது கிலோ, இரண்டு நாள் உழைப்பு, யாகொடாவின் பங்கு வேறு. போதாக்குறைக்கு, காற்று அடித்ததற்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாளாம் என்று டாக்டர் சிரித்தால்? இந்த உப்புக் கட்டிலேயே சரியாகிவிட்டால்? இதையெல்லாம் நினைத்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

அவர் இடக்கையை நீட்டி என் மேலங்கியைப் பிடித்தார். ‘ம், ம்’ என்று ஏதோ சொல்லப் பார்த்தார். கண்ணில் பயம் இருந்தது. அந்த மனிதர் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

“கொஞ்சம் பொறுய்யா” என்றேன். “கைய எடுத்தா அடி பிடிச்சிரும்.”

அவர் விட்டுவிட்டார். நான் அண்டா பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மணிக்குப் பதம் வந்து இறக்கினேன். அவர் தூங்கிப்போயிருந்தார், அல்லது தூக்கம் என்று நான் பெயர் வைத்துக்கொண்டேன். சுடச்சுட நாற்பது பாட்டிலில் நிரப்பி மூடினேன். பாட்டில்கள் மெல்ல ஆற வேண்டுமே, அதற்கு ஒரு கம்பளி போர்த்தினேன். அவருக்கு ஒரு கம்பளி.

யாகொடா நாலு மணிக்குச் சரியாக வந்தாள். அவள் முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள். இன்றைக்கும் அவள் குரல் கடைசி சீட்டில் இருப்பவருக்குக் கேட்கிற குரல். தம்பியைக் கண்டதும் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. உலுக்கினாள், அவர் முழுக்க விழிக்கவில்லை. ஃபோனை எடுத்தது அவள்தான்.

“என்னடி ஆச்சு? எப்ப இருந்துடி இப்படி?”

“ஜன்னலத் திறந்து போட்டிருந்தேன் மதினி. நல்லாத் தூங்கிட்டிருந்தார். இப்ப எழுப்பினா இப்படி.”

பெரிய குற்றத்தை மறைக்கச் சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. உப்புக் காலுறையை அவள் வருவதற்கு முன்னாலேயே அவிழ்த்து எடுத்துவிட்டிருந்தேன்.

ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். “கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?” என்று கேட்டார். “பன்னிரண்டேகாலுக்கு” என்றேன் மெதுவாக. அதையாவது பொய் சொல்லாமல் இருந்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் ஆகும். ரத்தக் கட்டியக் கரைக்கிற மருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான்ம்மா. தாண்டிரும்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாரோ, என் தோளைத் தொட்டார். “தூக்கத்துல வந்தா யாரும் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. உங்க மேல தப்பில்ல.”

அன்றைக்கு அந்த டாக்டர் என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் இதைவிட லேசாக இருந்திருக்கும்.

ஒப்ராட் உயிர் பிழைத்தார். நுரையீரலில் தண்ணீர் போனதால் சளிக் காய்ச்சல் கண்டு மூன்று வாரம் அதிகம் கிடந்தார். அது என் சர்க்கரைத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். வலக்கை வரவில்லை, பேச்சு வரவில்லை. ஊன்றுகோலோடு நடந்தார். யாகொடா ஊர் முழுக்கச் சொன்னாள்: “ரெண்டு ஜன்னலையும் திறந்து போட்டு என் தம்பியத் தூங்க விட்டுட்டா. காத்து ஆழமா அடிச்சு மூளையில ரத்தத்த உறைய வச்சிருச்சு.” என் எதிரிலேயும் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாரும் என்ன பொறுமை, என்ன பொறுமை என்றார்கள். பொறுமையும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. அந்தத் திட்டு எனக்கு நல்ல மறைவிடம். நெவென்காவைச் சந்தையில் கண்டால் மட்டும் அடுத்த தெருவுக்குள் நுழைந்துவிடுவேன்.

வீட்டில் அவர் என்னைத் திட்டவில்லை, முறைக்கவுமில்லை. சோற்றை ஊட்டினால் வாங்கிக்கொண்டார். சில நேரம் நான் அடுப்படியில் நிற்கும்போது முதுகில் ஏதோ உறைக்கும். திரும்பினால் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாகொடா தன் பங்கை எடுத்துப் போனது போக, அலமாரியில் இருந்த அய்வாரில் ஒரு பாட்டிலைக்கூட நான் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

மே மாதம் யாகொடாவின் வீட்டில் விருந்து. அவள் கணவர் மிலோயேயின் குடும்பத்துக்குப் புனித ஜார்ஜ்தான் குலசாமி. மேஜை நடுவில் பெரிய மெழுகுவர்த்தி எரிந்தது. அது அணையக் கூடாது. அடுப்பில் ஆட்டுக்கறி புகைந்ததால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஜன்னலைத் திறக்க, சுடர் ஆடியது. மிலோயே அவரைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். ஒப்ராட் மூலையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். யாகொடா இனிப்புக் கோதுமைத் தட்டை ஏந்தி ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டு வந்தாள். ஆளுக்கொரு ஸ்பூன் எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

என் முன்னால் வந்தபோது தட்டு வலப்பக்கமாகச் சரிந்தது. ஸ்பூன்கள் ஒவ்வொன்றாக வழுக்கித் தரையில் விழுந்தன. அவள் அதைக் கவனிக்கவேயில்லை. “எழுத்துக்கோ ழட்மிழா” என்றாள். வாயின் வலப்பக்கம் கீழே இறங்கியிருந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று ஐந்து.

“பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல!” என்று மிலோயே குதித்தார். “ஒரு நிமிஷம்தான் திறந்திருந்துச்சு, அடிச்சிருச்சு பாரு. எவனாவது உப்ப வறுங்கய்யா. சர்க்கரைத் தண்ணி கொண்டா.” ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். யாகொடாவே நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இடக்கையால் ஜன்னலைக் காட்டித் தலையாட்டினாள். அவளுக்கும் அதில் சந்தேகமில்லை.

“ஆம்புலன்ஸைக் கூப்பிடணும் அண்ணே” என்றேன். “இது பக்கவாதம்.”

“உனக்கென்ன கிறுக்கா? பக்கவாதம்னா ஆளு கட்டையாக் கிடப்பான். ஒப்ராட் கிடக்கலையா? நீதானே சொன்ன, தூக்கத்துலயே அடிச்சிருச்சு, எழுப்பினா எழுந்திரிக்கலன்னு. இவ உக்காந்திருக்கா, பேசுறா. இது லேசான காத்து. சாமி நாளும் அதுவுமா வாசல்ல ஆம்புலன்ஸக் கொண்டாந்து நிறுத்தாத.”

அவர் கையில் சர்க்கரைத் தண்ணீர் வந்துவிட்டது. டம்ளர் யாகொடாவின் வாயை நோக்கிப் போனது. நான் எட்டித் தட்டிவிட்டேன். மேஜை விரிப்பு நனைந்தது, மெழுகுவர்த்தி கிடுகிடுவென ஆடியது.

“நான் சொன்னது பொய்” என்றேன். “அவர் தூங்கல. முழிச்சுத்தான் இருந்தார். இதே மாதிரி உக்காந்திருந்தார். இதே மாதிரி வாய் கோணுச்சு, கை தொங்குச்சு, குழறுச்சு. நானும் ஜன்னல மூடினேன். நானும் உப்பு வறுத்துக் கட்டினேன். இதே தண்ணியத்தான் ஊத்தினேன். என்னன்னு எனக்குத் தெரியும் அண்ணே. நான் பரீட்சை எழுதினவ. தெரிஞ்சும் மூணு மணி நேரம் மிளகா கிண்டிட்டிருந்தேன். மதினி வந்து ஃபோன் பண்ணினப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு.”

மிலோயே என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “பதட்டத்துல என்னென்னவோ உளர்றா” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இன்னொரு டம்ளருக்குக் கை காட்டினார்.

மூலையில் ஊன்றுகோல் தரையில் மோதியது. ஒரு முறை, இரண்டு முறை. ஒப்ராட் எழுந்து நின்றிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பிரசவத்துக்கு முக்குகிறவளைப்போல முக்கி, ஒரு வார்த்தையை வெளியே தள்ளினார்.

“ஆமா.”

தங்கச் சிலுவை போட்ட பக்கத்து வீட்டுக்காரி தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆமா” என்றார் திரும்பவும். அவர் யாகொடாவைப் பார்க்கவில்லை, மிலோயேயைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துச் சொன்னார். எட்டு மாதம் நான் பயந்துகொண்டிருந்த வார்த்தை அதுதான்.

மிலோயேயின் கையிலிருந்து டம்ளர் மேஜைக்குப் போனது. நான் ஆம்புலன்ஸ் எண்ணை, ஒன்று ஒன்பது நான்கை, அழுத்தினேன். “அறுபத்து மூணு வயசுப் பொம்பள. வலப்பக்கம் வாய் கோணியிருக்கு, கை தூக்க முடியல, பேச்சு குழறுது. ஒண்ணு அஞ்சுக்குத் தொடங்குச்சு” என்று ஒரே மூச்சில் சொன்னேன். எங்கேயோ எழுதி வைத்திருந்ததைப் படித்த மாதிரி இருந்தது. எழுதித்தான் வைத்திருந்தேன், நெஞ்சில். ஒன்று பதினாறு ஆகியிருந்தது. நேரத்தை என் உள்ளங்கையில் பேனாவால் குறித்தேன். யாகொடாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினேன். அவள் இடக்கை என் மேலங்கியைத் தேடிப் பிடித்தது. இந்த முறை நான் எங்கேயும் திரும்பவில்லை.

அன்று மாலை வீட்டில் அவர் எதிரே உட்கார்ந்தேன். “நீ பார்த்ததெல்லாம் நெசம்யா. நான் தெரிஞ்சேதான் செஞ்சேன்” என்றேன். மன்னிச்சிரு என்று கேட்க வாய் வரவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை. அவர் வெகுநேரம் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் சோற்றை ஊட்டப் போனபோது ஸ்பூனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு இடக்கையால் தானே சாப்பிட்டார். பாதி கீழே சிந்தியது. அன்றிலிருந்து அப்படித்தான்.

பயிற்சிப் பெண் வரும்போது நான் சமையலறைக்குப் போவதை நிறுத்தினேன். பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ‘ஆமா’வுக்குப் பிறகு ‘ரொட்டி’ வந்தது, ‘அக்கா’ வந்தது. என் பெயர் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து யாகொடா வந்தாள். மரப்பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, காலால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வாய் நேராக இருந்தது. குரல் மட்டும் கொஞ்சம் நிதானப்பட்டிருந்தது, பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைகிற பஸ்போல. பெட்டியை மேஜை மேல் வைத்தாள். உள்ளே அய்வார் பாட்டில்கள்.

“பதினாலு இருக்கு” என்றாள். “ஆறு பாட்டிலத் தின்னுட்டோம். தெரியாமத் தின்னுட்டோம்.”

“உக்காருங்க மதினி.”

“உக்கார வரல. டாக்டர் சொன்னாரு, பதினோரு நிமிஷத்துல ஃபோன் பண்ணியிருக்காங்க, அதான் பொழச்சீங்கன்னாரு. மருந்து ஏத்தின அன்னைக்கு ராத்திரியே கைய அசைச்சேன்.” வலக்கையை என் முகத்துக்கு நேரே தூக்கி, விரல்களை மடக்கி விரித்துக் காட்டினாள். “உனக்கு நன்றி சொல்லணும்னு மிலோயே அனுப்பிச்சாரு. வாய் வருதுடி. மனசு வரல. என் தம்பிக்கும் இதே கைதானே.”

அவள் குணமானது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் அந்த விரல்களை ஒவ்வொரு தடவை மடக்கி விரித்தபோதும், நான் இவரிடமிருந்து எடுத்தது எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது. அதுவரை அளவு தெரியாமல் இருந்தது.

அவள் தம்பியின் தலையைத் தடவி, நெற்றியில் முத்தம் வைத்துவிட்டுப் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

ஒப்ராட் நாற்காலியை மேஜைக்கு இழுத்துக்கொண்டார். பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை இடக்கையால் எடுத்து, தொடைகளுக்கு நடுவில் இடுக்கி, மூடியைத் திருகினார். பாட்டிலும் சேர்ந்து சுற்றியது. திரும்பவும் திருகினார். “எழவு” என்றார். பாட்டிலை மேஜை மேல் வைத்து, என் பக்கமாகத் தள்ளினார்.

நான் திறந்து கொடுத்தேன். மிளகாயும் எண்ணெயுமாக அந்த வாசனை எழுந்தது. ரொட்டித் துண்டில் அவரே தடவினார். மெதுவாக மென்றார். வலது கடைவாயில் சிவப்பாக வழிந்தது. துணியோடு கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, விழுங்கி முடித்து, என் கண்ணைப் பார்த்தார்.

“அடி... பிடிக்கல” என்றார்.

ஒன்பது மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. பயிற்சிப் பெண் அங்கே இருந்திருந்தால் கைதட்டியிருப்பாள்.